எட்டாவது பாட்டில் விட்ட இடம்

நீலமேகத்தைக் கேட்டால், எதிரியைச் சமாளித்துவிடலாம், நல்ல மனசுள்ள தோஸ்துகளைத்தான் சமாளிக்க முடியாது என்பான். எதிரி வந்தால் திட்டலாம், முறைக்கலாம், பார்த்தும் பாராமல் போகலாம். "உனக்கு மரியாதை பண்ணப் போறோம் மாமு" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கிறவனை என்ன செய்ய? 2006-இல் அப்படி வந்து நின்றவன் குணசேகரன். அன்றைக்குப் பிடித்தது நீலமேகத்துக்குத் தலைவலி.

நீலமேகத்துக்குச் சோறு போடுவது லேத்து. திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் விசைப்படகுகளின் ஷாஃப்டைக் கடைந்து கொடுப்பான். வீடு புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில். பேசின் பிரிட்ஜில் ரயில் ஏறினால் திருவொற்றியூர் வருவதற்குள் ஒரு பாட்டுக் கட்டிவிடுவான். கானாதான். கல்யாண வீடு, காதுகுத்து, சாவு வீடு, எதற்குக் கூப்பிட்டாலும் போவான். அவன் கட்டிய பாட்டில் எட்டைப் பொறுக்கி, 1999-இல் ஒரு கேசட் போட்டான். கம்பெனியும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. ராயபுரத்தில் குணசேகரனுக்கு ஒரு கேசட் கடை. கடைக்குப் பின்னால் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறை, அதற்கு ஸ்டூடியோ என்று பெயர். அங்கே பதிந்து, டீக்கடைகளிலும் ரயிலிலும் விற்றார்கள். விற்றதைவிட நகல் எடுத்தவர்கள் அதிகம். வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரை அந்த எட்டுப் பாட்டும் ஆளாளுக்கு மனப்பாடம்.

"மாமு, ஒரிஜினல் டேப்பு மழைத் தண்ணில ஊறி நாசமாப் போச்சு" என்றான் குணசேகரன். "இப்ப எல்லாம் சிடி. எட்டுப் பாட்டையும் புதுசாப் பண்ணி வுடலாம். நீதான் வாயைத் தெறக்க மாட்டேன்றியே. நம்ம பசங்களே ஆளுக்கொண்ணு பாடட்டும்."

"சும்மா கீற சங்கை ஊதிக் கெடுக்காதே குணா" என்றான் நீலமேகம்.

"உனுக்கு மரியாதை மாமு!"

அதற்கு மேல் வாயைக் கொடுத்தது நீலமேகத்தின் தப்பு. "சரி, ஆனா நான் பக்கத்துல இருப்பேன்" என்றுவிட்டான். அன்றிலிருந்து அவனுடைய வார லீவெல்லாம் முட்டை அட்டை அறைக்குள் போயிற்று.

முதலில் பீம்ராவ். வியாசர்பாடியில் சொந்தமாகக் கச்சேரி செட்டு வைத்திருப்பவன். பட்டறைத் தொழிலாளி பாட்டுக்குக் கீபோர்டில் குயில் கூவ விட்டான். "எண்ணூர் பவர் ஹவுஸ் சாம்பல்ல எங்கடா குயிலு?" என்று நீலமேகம் கத்தினான். "ஃபீலிங் நைனா, ஃபீலிங்" என்றான் பீம்ராவ். அடுத்து ரஷீது பாய். நல்ல குரல், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று நிமிஷப் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் வரியிலேயே ஆலாபனை பண்ணி, துறைமுகம் வரை இழுத்துக்கொண்டு போய்த் திரும்ப வந்தார். நீலமேகம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பாய், இது சைக்கிள் கடைக்காரன் பாட்டு. அவனுக்குப் பஞ்சர் ஒட்டற வேலை கீது, வுட்டுடு" என்றான். ரஷீது பாய் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். ஆனால் ஏழு பாட்டு எப்படிப் போனாலும் போகட்டும் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். அவன் காவல் உட்கார்ந்திருந்தது எட்டாவது பாட்டுக்காக.

எட்டாவது பாட்டைச் சொல்ல வேண்டும் என்றால் செல்வத்தைச் சொல்ல வேண்டும்.

செல்வம் காசிமேட்டுக்காரன். விசைப்படகில் போகிறவன். ஒரு நாள் உடைந்த ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். வேலை முடியும்வரை சும்மா இருக்க முடியாமல், தான் குந்தியிருந்த மீன் பெட்டியையே கவிழ்த்துப் போட்டு, லேத்துச் சத்தத்துக்குத் தாளம் போட்டான். பிளாஸ்டிக் பெட்டி அப்படிப் பேசும் என்று நீலமேகத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "யார்ரா நீ?" என்றான். அவ்வளவுதான், அப்புறம் இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை. நீலமேகம் பாட, செல்வம் பெட்டி தட்ட, அவர்கள் போகாத சாவு வீடு இல்லை. கேசட்டின் முதல் ஏழு பாட்டிலும் கேட்பது அந்த மீன் பெட்டிதான். எட்டாவதைப் பதிவதற்கு முன்னால் செல்வம் தொழிலுக்குப் போனான். கேசட் வருவதற்கு முந்தின வருஷம், கார்த்திகை மாசத்துப் புயலில் படகு கவிழ்ந்தது. நாலு பேர் நீந்தி வந்து சேர்ந்தார்கள். செல்வம் வரவில்லை. அவன் உடம்பும் வரவில்லை.

உடம்பு வராத சாவுக்கு எப்படித் துக்கம் கொண்டாடுவது? எத்தனையோ பேர் சாவுக்குப் பாடியவன், தன் தோஸ்துக்குப் பாட ஒரு பந்தல்கூட இல்லாமல் நின்றான். அதனால் எட்டாவது பாட்டைப் புதிதாகக் கட்டினான். தாளம் கிடையாது, வெறும் குரல்தான்.

அடுப்பு மேல ஒல கொதிச்சி ஒலையும் ஆறிப் போச்சு
வாசப் பக்கம் பாத்துப் பாத்து கண்ணும் பூத்துப் போச்சு
ஏ...
இன்னா கோவம் எங்க மேல, இன்னும் வர்ல பேச்சு

அந்த 'ஏ...'வுக்கு அப்புறம் செல்வத்தின் பேர் வரவேண்டும். சாவு கானாவில் அதுதான் வழக்கம். பாடப் போகிறவன் பந்தலுக்குள் நுழையும்போதே செத்தவர் பேரைக் கேட்டுக்கொண்டு, அதைப் பாட்டில் வைத்துத்தான் பாடுவான். ஆனால் செல்வத்தின் பெண்டாட்டி மங்கம்மா, பாட்டுக் கட்டுகிற சேதி தெரிந்த அன்றைக்கே வந்து சொல்லிவிட்டாள்: "அண்ணாத்தே, அந்தாளு பேரைச் சாவுப் பாட்டுல சேர்த்தே, நாக்கை இழுத்து வெச்சி அறுத்துடுவேன்."

மங்கம்மா சொன்னால் செய்வாள். காசிமேட்டில் மீன் விற்கிறவள். நெற்றியில் பொட்டை எடுக்கவில்லை, கழுத்தில் கயிற்றை எடுக்கவில்லை. ஏழு வருஷம் ஆகிவிட்டால் செத்ததாக எழுதிக் கொடுப்பார்கள், நிவாரணம் கிடைக்கும் என்று ஒருத்தர் சொல்லப் போக, மீன் கழுவின தண்ணீரால் அவருக்கு அபிஷேகம் நடந்தது. சுனாமிக்கு அப்புறம் வேறு இடத்தில் வீடு தருகிறோம் என்றபோதும் போகவில்லை. "அந்தாளு வந்தா வூடு எங்கன்னு தேடிகினு நிப்பாரா?" என்றாள். அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்?

ஆகவே நீலமேகம் 'ஏ...' என்று இழுத்து, பேருக்கான இடத்தைக் காலியாக விட்டுப் பாடினான். அந்தக் காலி இடம்தான் பாட்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று. வடசென்னையில் எவன் செத்தாலும் அந்தப் பாட்டு, எவன் பேரை வேண்டுமானாலும் அதில் வைக்கலாம். செல்வத்துக்கென்று கட்டின பாட்டில், ஊரில் செத்தவன் பேரெல்லாம் ஏறி உட்கார்ந்தது, அவன் பேர் ஒன்றைத் தவிர. நீலமேகம் அதற்கப்புறம் பாடவே இல்லை. பெட்டி இல்லாமல் தாளம் நிற்கவில்லை என்று காரணம் சொன்னான். கூப்பிட்டுப் பார்த்தவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

இப்போது சிடியில் அந்தப் பாட்டைப் பாட வந்தவன் அன்பரசன். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற ஊர்வலம் பாதி அவன் குரலோடுதான் போகும். வந்ததும் வராததுமாக, மைக்குக்கு முன்னால் நின்று, "அண்ணாத்தே, பேரு இன்னா? எத்தினி புள்ளைங்க?" என்று கேட்டான்.

"யார் பேரு?"

"செத்தவர் பேரு."

"யாரும் சாவலடா! ரிக்கார்டிங்குடா இது! அந்த எடத்தைக் காலியா வுட்டுப் பாடு."

அன்பரசன் தலையாட்டினான். கண்ணை மூடிக்கொண்டு பாடினான். 'ஏ...' வந்தது. "ஏ... கன்னியப்பா" என்றான். கன்னியப்பன் முந்தாநாள் கொருக்குப்பேட்டையில் செத்தவர். மறுபடி பாட வைத்தார்கள். இந்த முறை போன வாரத்துத் தனலட்சுமியம்மாள் வந்து சேர்ந்தாள். அடுத்த முறை ஒழுங்காக வந்தது என்று மூச்சு விடப் போகும்போது, கும்மிடிப்பூண்டி ரயில் கடையை ஆட்டிக்கொண்டு போயிற்று. நீலமேகம் காது மாட்டியைக் கழற்றி மேசைமேல் எறிந்தான்.

"பேமானி! ஒரு எடத்தைச் சும்மா வுட உனுக்கு இன்னாடா நோவு?"

அன்பரசன் முகம் வாடிவிட்டது. "திட்டாத அண்ணாத்தே. சாவுப் பாட்டுல எடத்தைக் காலியா வுடக் கூடாது. வுட்டா அது பாடறவன் பேரைக் கேக்கும்னு எங்க வாத்தியாரு சொல்லிக் கீறாரு. எனுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க."

"நான் வுட்டுப் பாடல? செத்தா போயிட்டேன்?"

"சாவல. ஆனா அப்பால நீ பாடுனியா?"

குணசேகரன் சட்டென்று எழுந்து டீ சொல்லப் போனான். நீலமேகம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அன்றைய வேலை அதோடு நின்றது.

அடுத்த வாரம் பட்டறையில் வேலை அதிகம், லீவு கிடைக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் ராயபுரம் பக்கம் வந்தபோது குணசேகரன் கடை ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அன்பரசன் குரல், பின்னால் டோலக்கு. 'வாசப் பக்கம் பாத்துப் பாத்து' என்று வந்தது. 'ஏ...' வந்தது. "ஏ... செல்வம்!" என்று வந்தது.

நீலமேகம் ஓடிப்போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான்.

"இன்னாடா பண்ணி வெச்சிக் கீறே?"

"இன்னா மாமு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? பையன் பயப்படறான். எதுனா ஒரு பேரு வெச்சாவணும். பாட்டு யாருக்குக் கட்டினியோ அவன் பேரே இருக்கட்டும்னு..."

"எல்லாருக்கும் தெரியும்டா கஸ்மாலம்! அவ ஒருத்தி ஒத்துக்கலியே! அவ காதுல வுழுந்தா இன்னா ஆவும்னு யோசிச்சியா?"

"அழிச்சிடலாம் மாமு."

"எத்தினி தபா போட்டே?"

குணசேகரன் மென்று விழுங்கினான். காலையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறான். கடை வாசல்தான் காசிமேட்டு மீன் ஆட்டோக்கள் டீக்கு நிற்கிற இடம். இனி அழித்து என்ன, அழிக்காமல் என்ன! அன்றைக்கு வீட்டில் நீலமேகம் சோற்றைத் தொடவில்லை. "இன்னா, திரும்ப குயிலு வந்துச்சா?" என்று கேட்ட பெண்டாட்டி பூவம்மா, அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். எட்டு வருஷமாக ஒரு பொம்பளை பிடித்துக்கொண்டிருக்கிற நம்பிக்கையை, தன் பாட்டே போய் உடைத்துவிட்டது என்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தான். மறுநாள் பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு, அன்பரசனையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனான். அவளிடம் போய்க் காலில் விழுவதற்கு முன்னால் அந்தப் பேரை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தான்.

எடுப்பதற்குள் மங்கம்மா வந்துவிட்டாள். ஏலம் முடிந்து, விற்றது போக மீதியைக் கூடையில் ஐஸ் போட்டு மூடி, நேராக வந்திருந்தாள். கூடையைக் கடை வாசலில் இறக்கினாள். உள்ளே ரஷீது பாய் சும்மா பேச வந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து அவளுக்கு ஸ்டூலைக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை.

"பாட்டைப் போடு" என்றாள்.

குணசேகரன் நீலமேகத்தைப் பார்த்தான். "அங்க இன்னாத்துக்குப் பாக்கறே? போடுன்றேன்" என்றாள் மங்கம்மா.

போட்டான். முழுப் பாட்டையும் நின்றபடியே கேட்டாள். பேர் வந்த இடத்தில் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும், "யாரு பாடினது?" என்றாள்.

"நான்தான்க்கா" என்றான் அன்பரசன், குணசேகரனுக்குப் பின்னால் இருந்து.

"நல்லாத்தான் பாடறே. ஆனா நீ அந்தாளைப் பார்த்ததே இல்ல. ஆஸ்பத்திரில டோக்கன் கூப்பிடறவன் மாதிரி கூப்பிடறே."

நீலமேகம் முன்னால் வந்தான். "மங்கம்மா, என் மேல சத்தியமா எனுக்குத் தெரியாது. இப்பவே எடுத்துடறோம். நீ சொன்னதை நான் மீறல. எட்டு வருசமா அந்த எடத்தைக் காலியாத்தான் வெச்சிருந்தேன், உனுக்காகத்தான்..."

"எனுக்காகவா?" அவள் குரல் ஏலத்துக் குரலாக மாறியது. "எனுக்காகவா காலியா வெச்சே? ஊர்ல செத்தவன் பேரெல்லாம் அந்தப் பாட்டுல கேட்டுட்டேன். கன்னியப்பன், முனியப்பன், யார் யாரோ. எதிர் வூட்டுக் கெழவிக்குக்கூட அந்தப் பாட்டு. அந்தாளைக் கூப்பிட மட்டும் ஒரு நாக்கு இல்லியா இந்த ஊர்ல?"

"நீதானே சேர்க்காதேன்னே!"

"சாவுப் பாட்டுல சேர்க்காதேன்னேன். கூப்பிடாதேன்னா சொன்னேன்?"

நீலமேகம் ஏதோ சொல்ல வந்தான். மங்கம்மா விடவில்லை.

"இதுல சாவு எங்க கீது, சொல்லு. ஒல ஆறிப் போச்சுன்றே. வாசலைப் பாத்துகினு கீறேன்றே. இன்னா கோவம்னு கேக்கறே. இதான் நான் தெனம் சாயங்காலம் கேக்கறேன். நீங்கதான் எல்லாரும் கூடிகினு இதைச் சாவுப் பாட்டு ஆக்கினீங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் பொம்பளை. கட்டின நாள்லேர்ந்து அந்தாளு பேரை என் வாயால சொன்னதில்ல. சொல்ற பழக்கமும் இல்ல. நீ தோஸ்து. வாய்க்கு வாய் பேர் சொல்லித்தானே கூப்புடுவே? எட்டு வருசத்துல ஒரு தபா கூப்பிட்டியா அண்ணாத்தே?"

அன்பரசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீலமேகத்துக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. நாக்கை அறுப்பேன் என்றவளும் இவள், ஏன் நாக்கு இல்லை என்கிறவளும் இவள். அட, எட்டு வருஷத்தில் ஒரு நாள் போய்க் கேட்டிருந்தால் என்ன? அதுவும் கேட்கவில்லை. மங்கம்மா வீட்டுப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனவன் அவன்.

"குணா, மெஷினைப் போடு" என்றான்.

முட்டை அட்டை அறைக்குள் மைக்குக்கு முன்னால் நின்றான். மங்கம்மா கதவோரம் சுவரில் சாய்ந்துகொண்டாள். டோலக்கு வேண்டாம் என்றான். முதல் வரி கரகரத்து வந்தது, இரண்டாவது வரி பரவாயில்லை. 'ஏ...' என்று இழுத்தான். இழுத்த இடத்திலேயே நின்றான். பேர் வரவில்லை.

"இன்னொரு தபா" என்றான். இன்னொரு தபாவும் அங்கேயே நின்றது. மறுபடி ஆரம்பித்தால் ரயில் வந்தது. ரயில் போனதும் மறுபடி. இத்தனை வாரமாக அடுத்தவனைக் கரித்துக் கொட்டினவன், பழக்கமான ஒரு பேரை நாக்கில் எடுக்க முடியாமல் வேர்த்துப்போய் நின்றான்.

"நைனா" என்றார் ரஷீது பாய் மெதுவாக, "நான் இழுத்தா வுட்டுடுன்னியே, இது இன்னா?"

"சும்மா கெட பாய்."

மறுபடி பாடினான். உலை கொதித்து ஆறியது. வாசலைப் பார்த்துக் கண் பூத்தது. 'ஏ...' என்றான். நின்றான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மங்கம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அட, உன் வாயில இன்னா கொழுக்கட்டையா!" என்று அவனைத் தள்ளிக்கொண்டு மைக்குப் பக்கம் வந்தாள். அவனைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. கரையில் நின்று படகைக் கூப்பிடுகிற மாதிரி, வாய்க்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"யோவ்! எங்கய்யா கீறே நீ?"

அந்தச் சத்தத்தில் குணசேகரனின் மெஷினில் சத்தம் காட்டுகிற முள் கடைசிவரை போய் இடித்தது. அது அடங்குவதற்குள், "செல்வம்! டேய் செல்வம்!" என்று நீலமேகமும் கத்தினான். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. பட்டறை வாசலிலிருந்து கூப்பிடுகிற கூப்பாடு அது. அழுதுகொண்டே கடைசி வரியைப் பாடினான். இன்னா கோவம் எங்க மேல, இன்னும் வர்ல பேச்சு.

மங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சா? ஐஸ் உருகிப் போச்சு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சிடி வந்தது, எட்டாவது பாட்டில் அந்த இரண்டு கூப்பாட்டோடு. குயில் அப்படியே இருந்தது. ரஷீது பாயின் ஆலாபனையில் ஒரு நொடிகூடக் குறையவில்லை. இதற்கெல்லாம் நீலமேகம் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறான். அன்பரசனுக்குத்தான் கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது. சாவு வீட்டில் அந்தப் பாட்டு வந்தால் அவன் இப்போது 'ஏ...' என்றதும் நிறுத்திவிடுகிறான். வீட்டுக்காரர்கள் யாராவது கூப்பிடுகிறார்கள். ஒருத்தி "மாமா" என்கிறாள், ஒருத்தன் "அம்மா" என்கிறான், சிலர் திட்டியே கூப்பிடுகிறார்கள். பேர் கேட்கிற வேலை தனக்கு மிச்சம் என்கிறான் அன்பரசன்.

மங்கம்மா அதே வீட்டில்தான் இருக்கிறாள், அதே பொட்டோடு. ராயபுரம் பக்கம் வியாபாரத்துக்கு வந்தால் குணசேகரன் கடையில் கூடையை இறக்கி, "போடு" என்பாள். தான் கத்துகிற இடம் வரைக்கும் கேட்பாள். நீலமேகம் கத்துகிற இடம் வந்ததும் எழுந்துவிடுவாள். ஒரு நாள், "இரு அக்கா, பாட்டு முடியட்டும்" என்றான் குணசேகரன்.

"மீதி இன்னாத்துக்கு?" என்றாள் மங்கம்மா, சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே. "ரெண்டு பேரும் கூப்பிட்டாச்சு. இனிமே வர்றதும் வராததும் அந்தாளு இஷ்டம்."